பெயர் சொல்லும் காணிக்கை

ஞாயிறு ஆராதனையில் காணிக்கைப் பை இரண்டு வரிசைக்கு அப்பால் வரும்போதே தேவமணி போனை எடுத்துவிடுவார். முன் பெஞ்சின் முதுகில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டைக்கு நேரே பிடிப்பார். பச்சை டிக் வந்ததும், பையோடு வரும் ராயப்பனிடம் திரையைத் திருப்பிக் காட்டுவார். ராயப்பன் ஒருநாளும் கேட்டதில்லை. பக்கத்து வரிசைக்கும் தெரியட்டும் என்று தேவமணி கையை இன்னும் கொஞ்சம் உயர்த்துவார்.

ஓசூரில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஷிப்ட் சூப்பர்வைசர். கொரோனா ஊரடங்கில் ஆராதனையே போனுக்குள் வந்தபோது சபையார் எல்லோரும் போனில்தான் காணிக்கை அனுப்பினார்கள். கோயில் திறந்ததும் மற்றவர்கள் பைக்குத் திரும்பிவிட்டார்கள். தேவமணி திரும்பவில்லை. ஏன் என்று கேட்டால், "நோட்டுல எத்தன பேரு கை பட்டிருக்கும், சொல்லுங்க? நமக்கு ஹைஜீன் முக்கியமுங்க" என்பார். இந்தச் சுத்தக்காரர்தான் சந்தையில் ஊரே அமுக்கிப் பார்த்த ராயக்கோட்டைத் தக்காளியைத் தானும் ஒவ்வொன்றாக அமுக்குவார். கேன்டீனில் அடுத்தவர் கடித்து வைத்த போண்டாவைப் பிய்த்துத் தின்பார். முகக்கவசம் எந்தக் குப்பையில் போனதோ!

உண்மை வேறு. பையில் விழும் நோட்டுக்குப் பெயர் கிடையாது. போனில் அனுப்பினால் பொருளாளர் அன்று மாலையே சபையின் வாட்ஸ்அப் குழுவில் "சகோதரர் தேவமணிக்கு நன்றி" என்று போடுவார். ஊரடங்கில் தொடங்கிய வழக்கம் அது. "மகிமை கர்த்தருக்கே" என்று இவர் வெட்கமில்லாமல் பதில் போடுவார். மனைவி ப்ரீதாவிடம் மட்டும் மறைக்க மாட்டார்: "பையில போட்டா எவனுக்குத் தெரியும்? சும்மா போவுது."

விளைச்சலுக்கு நன்றி சொல்லிக் காணிக்கை படைக்கும் அறுப்பின் பண்டிகை வந்தது. அடுத்த வாரம் சபைக் கமிட்டித் தேர்தல், தேவமணி நிற்கிறார். ஓட்டுப் போடப்போகிற அத்தனை பேரும் கோயிலுக்குள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேர் போனும் உள்ளே இருந்ததில் நெட் செத்துப்போனது. தேவமணியின் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஜன்னல் பக்கம் நீட்டினார், தலைக்கு மேலே தூக்கினார், ஒன்றும் நடக்கவில்லை. பர்ஸ் வைத்துக்கொள்ளும் பழக்கத்தை எப்போதோ விட்டாயிற்று. ராயப்பன் பையோடு வந்து நின்றுவிட்டார்.

ப்ரீதா கைப்பையைத் துழாவி ஒரு பத்து ரூபாய் நோட்டை நீட்டினாள். "இதான் இருக்குது. போடுங்க."

"பத்து ரூவாயா? ஆளுங்க பாக்கறாங்க. மொதல்ல உள்ள வை!" என்று பல்லைக் கடித்தார் தேவமணி.

பிறகு ராயப்பனைப் பார்த்துப் புன்னகைத்தார். வெறுங்கையை இறுக மூடி, மணிக்கட்டுவரை பைக்குள் விட்டு, உள்ளே விரல்களை விரித்து, கண்ணை மூடி ஜெபித்தார்.