மங்குக் களிம்பும் என் மேற்கோள் கணக்கும்

டாக்டர்களுக்கு நோயாளி ஒரு மனிதர். மருத்துவப் புள்ளியியல் பார்க்கும் எங்களுக்கு எக்செல் தாளில் ஒரு வரிசை. கண், பல், இதயம், தோல் என்று எங்கள் மருத்துவக் கல்லூரியில் யார் ஆய்வு செய்தாலும் கணக்குப் போட என்னிடம்தான் வந்தாக வேண்டும். ஓய்வு பெறுவதற்குள் இணைப் பேராசிரியர் பதவியிலிருந்து பேராசிரியராகிவிட வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு என் கட்டுரைகளைப் பிறர் நிறைய மேற்கோள் காட்டியிருக்க வேண்டும். இதே செக்கில் சுற்றும் சக மாடுகளுக்கு மேலே விளக்கம் தேவையில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு பொருத்தம்

அடையாற்றில் இருந்து வந்த கண் டாக்டர் அம்மா, ஆய்வுக்கு எத்தனை நோயாளிகள் வேண்டும் என்று கணக்கிட்டுத் தரச் சொன்னார். இதை ஆய்வு தொடங்கும் முன்பே கேட்பவர்கள் அபூர்வம். மகிழ்ந்துபோய், எப்போது ஆரம்பிக்கிறீர்கள் என்றேன். ஆய்வு முடிந்து கட்டுரையும் எழுதியாயிற்றாம். அந்த ஒரு பத்தி மட்டும் காலியாக இருக்கிறதாம்.

கல்யாணம் முடிந்தபின் பொருத்தம் பார்க்கச் சொல்கிறீர்களே என்றேன்.

"விடை எங்ககிட்ட இருக்கு சார். அது வர்ற மாதிரி கணக்கை மட்டும் போட்டுடுங்க."

முழங்கால்

மயிலாப்பூரில் எங்கள் அடுக்ககத்துக் கீழ்வீட்டு மாமி, என் பெயர்ப்பலகையில் 'டாக்டர்' என்பதைப் பார்த்துவிட்டு முழங்காலைக் காட்ட வந்தார். நான் வைத்தியம் பார்க்கும் டாக்டர் இல்லை, ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவன் என்றேன். மாமி விடவில்லை. "எல்லா வியாதியிலயும் கட்டுரை போட்டிருக்கேள்னு எங்காத்துல சொல்லிண்டிருந்தாரே?" போட்டிருக்கிறேன், ஆனால் கணக்கு மட்டும்தான் என்னுடையது என்று விளக்கினேன். மாமி புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"அப்போ எல்லா வியாதியும் தெரியும், ஒண்ணுக்கும் மருந்து தெரியாது. சரி, வரேன்."

மொய்

என் மேற்கோள் எண்ணிக்கை நொண்டியடிப்பதைப் பார்த்துப் பரிதாபப்பட்டவன் கே.கே. நகர் நண்பன். உயிர்வேதியியல் துறை, என்னோடு சேர்ந்தவன், எனக்கு முன்பே பேராசிரியர் ஆனவன். அவன் கட்டுரைகளில் என்னை மேற்கோள் காட்டுவானாம், பதிலுக்கு நான் அவனைக் காட்ட வேண்டுமாம். அவன் ஆராய்வது எலியின் கல்லீரல். அதற்கும் என் கணக்குக்கும் என்னடா சம்பந்தம் என்றேன்.

"மொய் எழுதப் போறவன் சாப்பாடு எப்படின்னு பார்ப்பானா மச்சி?"

தலைப்பு என்னுடையது

நான் மொய் எழுதவில்லை. எண்ணிக்கையும் ஏறவில்லை. அப்போதுதான் தி. நகரில் கிளினிக் வைத்திருக்கும் தோல் டாக்டர், முகத்தில் கருந்திட்டாகப் படரும் மங்குக்கு ஒரு புதிய களிம்பைப் பரிசோதித்துவிட்டு வந்தார். கணக்குப் போட்டேன். மருந்தே கலக்காத வெறும் களிம்பைத் தடவியவர்களுக்கும் இதைத் தடவியவர்களுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

பெண்களை மட்டும் தனியாகப் பாருங்கள் என்றார். பார்த்தேன், இல்லை. இளம்பெண்களை மட்டும்? இல்லை. வெயிலில் அலையாத இளம்பெண்கள்? எனக்குக் கோபமே வந்துவிட்டது. 'பலன் இல்லை' என்று எழுதினால்தான் என் பெயரைப் போடலாம் என்று சொல்லிவிட்டேன்.

"சரி சார். உள்ள என்ன வேணா எழுதிக்குங்க. தலைப்பை மட்டும் எங்கிட்ட விட்டுடுங்க."

நேர்காணல்

'மங்குக்கு நம்பிக்கை தரும் புதிய களிம்பு' என்ற தலைப்பில் கட்டுரை வெளிவந்தது. தலைப்பைப் பார்த்தவர்கள் எல்லாம் மேற்கோள் காட்டினார்கள், களிம்பு பலன் தருகிறது என்பதற்கு ஆதாரமாக. எண்ணிக்கை குபீரென்று ஏறி, பேராசிரியர் பதவிக்கு நேர்காணலும் வந்தது. தேர்வுக் குழுவில் இருந்த தோல் நிபுணர் பூரித்துப்போய், என் கட்டுரையைப் பார்த்த பிறகுதான் எல்லா நோயாளிகளுக்கும் அந்தக் களிம்பை எழுதித் தருவதாகச் சொன்னார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் பதவி நிச்சயம். சிவனே என்று இருந்திருக்கலாம். ஆனால் அவருடைய நோயாளிகள் காசைக் கொட்டி அதைத் தடவிக்கொண்டிருப்பார்களே. அது பலன் தராது என்றுதான் சார் அதில் எழுதியிருக்கிறோம் என்று போட்டு உடைத்தேன். தோல் நிபுணர் கைபேசியை எடுத்துக் குனிந்துகொண்டார். இத்தோடு போயிற்று என்று நான் நாற்காலியை விட்டு எழப்போனேன். தலைவர் கையமர்த்தினார்.

"உள்ள என்ன இருக்குன்னு பார்க்கிறது எங்க வேலை இல்ல சார். எண்ணிக்கை ஏறியிருக்கா, இல்லையா?"

நான் பேராசிரியராகிவிட்டேன், களிம்பும் அமோகமாக விற்கிறது. எங்கள் இருவரையும் வாழவைத்த புண்ணியம் அந்தக் கட்டுரையைப் படிக்காதவர்களையே சேரும்.