டேப்பக்கா ஃப்ரீசரைப் பிரித்த ஞாயிறு

அந்தக் குடியிருப்பின் மூன்று மாடிக்கும் அவள் டேப்பக்காதான். கழுத்தில் அளவு டேப் தொங்காத நேரம் என்றால் அவள் குளிக்கிற நேரம் மட்டும். கடைக்குப் போனாலும் தொங்கும். துக்க வீட்டுக்குப் போனால்கூட, வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் ஞாபகம் வந்து அவசரமாகப் பைக்குள் திணிப்பாள். முன் அறை முழுக்க அவளுடைய ராஜ்ஜியம்: இரண்டு தையல் மெஷின், ஒரு வெட்டு மேசை, ஊர்ப்பட்ட துணி. உள்ளே இருந்த இரண்டு அறைகளில் ஒன்று அவளுக்கு, மற்றது தம்பிக்கும் அவன் மனைவிக்கும் கைக்குழந்தைக்கும். அந்த மனைவிக்கு டேப்பக்கா நாத்தனார். நாத்தனார் என்றதும் நீங்கள் மனத்தில் போடுகிற படம் பாதி சரிதான், வாய் கொஞ்சம் நீளம். மீதிப் பாதியைத் தம்பி மனைவியே அந்த ஞாயிற்றுக்கிழமைதான் முழுசாகப் பார்த்தாள்.

தம்பி மனைவி மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். பிரசவ விடுப்பு முடிவதற்கு முன்பே, வேலைக்குப் போனால் குழந்தைக்கு வேண்டுமே என்று தாய்ப்பாலை எடுத்துச் சின்னச் சின்னப் பாக்கெட்டுகளில் அடைத்து, தேதி எழுதி ஃப்ரீசரில் சேர்த்துவந்தாள். நடுவில் டைபாய்டு வந்து பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் படுத்தாள். திரும்பி வந்தபோது பால் வற்றிவிட்டது. யார் யாரோ சொன்னதையெல்லாம் சாப்பிட்டுப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. ஆஸ்பத்திரி நாட்களிலும் பிறகு வந்த மாலைகளிலும் செலவானது போக, அந்த ஞாயிறு காலையில் ஃப்ரீசரில் இருபத்தாறு பாக்கெட் மிச்சம். பகலெல்லாம் டப்பா பால், மாலையில் ஒரு பாக்கெட் தாய்ப்பால் என்று குழந்தைக்கு ஏற்பாடு. அந்த இருபத்தாறு தீர்ந்தால் தீர்ந்ததுதான், இருபத்தேழாவது இந்த உலகத்தில் எங்கும் கிடையாது.

இந்த நேரம் பார்த்து ஃப்ரிட்ஜ் ஒழுக ஆரம்பித்தது. வியாழக்கிழமை காய்கறித் தட்டில் தண்ணீர் நின்றது. வெள்ளிக்கிழமை ஃப்ரீசரின் தரையில் கண்ணாடி போட்டதுபோல ஐஸ் படிந்திருந்தது. சனிக்கிழமை அடுக்களைத் தரையே ஈரம். ஃப்ரீசரில் குளிரும் குறைந்து, ஐஸ் கட்டிகள் ஓரத்தில் கசியத் தொடங்கிவிட்டன. மெக்கானிக்குக்குப் போன் போட்டால், "செவ்வாய்க்கிழமைதாங்க வர முடியும். அதுவரைக்கும் பிளக்கைப் பிடுங்கிட்டு ஒரு நாள் பூரா கதவைத் திறந்து வைங்க, தானா சரியாயிடும்" என்று சுலபமாகத் தலையில் கல்லைப் போட்டார். உருகின பாலை மறுபடி உறைய வைக்கக் கூடாது. மருந்துக் கடையில் நின்று எத்தனையோ தாய்மார்களுக்கு அவளே சொன்ன விஷயம் அது.

பாக்கெட்டுகளை வேறு எங்காவது வைக்கலாம் என்றால், எதிர் வீட்டுக்காரர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போயிருந்தார்கள். மாடி டீச்சர் வீட்டு ஃப்ரீசரில் ஐஸ்கிரீமை வைத்தாலே பாயசமாகத்தான் வெளியே வரும்.

இதில் டேப்பக்காவின் வாய் வேறு சும்மா இருக்கவில்லை. சனிக்கிழமை மாலை, மாடி டீச்சரை வைத்துக்கொண்டே சொன்னாள். "அது ஃப்ரீசரா, மூட்டை கட்டி வைக்கிற இடமா? இண்டு இடுக்கு விடாம பாக்கெட்டா அடைச்சு வச்சா காத்து எப்படிப் போகும்? மெஷின் அழாம என்ன பண்ணும்?" டீச்சரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். தம்பி மனைவி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பாலும் போய், பழியும் வந்தால் யார்தான் அழமாட்டார்கள்?

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு டேப்பக்கா அடுக்களைக்குள் வந்து, ஃப்ரிட்ஜை மேலும் கீழும் பார்த்தாள்.

"இதை இன்னைக்கு நான் பிரிக்கப்போறேன்."

"வேண்டாம் அண்ணி. பால் கெட்டுடும்" என்று பதறினாள் தம்பி மனைவி.

"சும்மா இருந்தா மட்டும் கெடாதா? நாளைக்குக் காலையில பாரு, எல்லாம் தண்ணியாயிருக்கும். எனக்கு ஆறு மணி நேரம் குடு."

தம்பி உற்சாகமாகக் கத்தியை எடுத்துக்கொண்டு வந்தான். ஐஸைக் குத்திப் பெயர்க்கலாம் என்பது அவன் திட்டம். பஸ் ஓட்டுகிறவன், வீட்டில் ஒரு ஆணி அடித்தால் இரண்டு ஓட்டை விழும். "கத்தியைக் கீழ வை. உள்ள ஒரு குழாயில ஓட்டை விழுந்தா கேஸ் போயிடும், அப்புறம் ஃப்ரிட்ஜை அலமாரியாத்தான் வச்சுக்கணும். நீ போய் வெந்நீர் போடு" என்று அக்கா விரட்டினாள்.

பிளக்கைப் பிடுங்குவதற்கு முன்னால் அவள் செய்த வேலையைத் தம்பி மனைவி இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள். பாக்கெட் அடுக்கின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் டேப்பால் அளந்தாள். பாலுக்கு அளவெடுத்த தையற்காரி உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். பிறகு முன் அறைக்குப் போய், குளிர்கோட்டுக்குள் வைக்கிற பஞ்சுத் தகட்டை நான்கு மடிப்பாக வைத்து, மேலும் கீழும் மழைக்கோட்டுத் துணி கொடுத்து, மூடியோடு ஒரு பை தைத்தாள். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. இருபத்தாறு பாக்கெட்டும் அதற்குள் ஒரு விரல் இடைவெளி இல்லாமல் போய் உட்கார்ந்தன. மூடியைத் தைத்தே மூடிவிட்டாள்.

"நான் சொல்ற வரைக்கும் யாரும் பிரிக்கக் கூடாது. 'ஒரு தடவை பாத்துக்கறேன்'னு நீயும் கேக்கக் கூடாது" என்றாள்.

தம்பி மனைவி அந்தப் பையைக் கட்டிலில் வைத்து, அதன் பக்கத்தில் குழந்தையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். இருப்புக் கொள்ளவில்லை. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அடுக்களை வாசலுக்கே வந்து நின்றாள்.

ஃப்ரீசருக்குள் வெந்நீர்ப் பாத்திரத்தை வைத்துக் கதவைச் சாத்துவதும், ஆறினதும் மாற்றுவதுமாக ஒன்றரை மணி நேரம் போனது. ஐஸ் தகடு தானாகக் கழன்று வந்தது. பிறகு உள்ளே பின்பக்கத்துப் பலகை. துணி வெட்டுகிற பழுப்புக் காகிதத்தில் அந்தப் பலகையின் வடிவத்தைச் சாக்பீஸால் வரைந்து, கழற்றிய ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அதன் இடத்திலேயே வைத்தாள். எந்த உடுப்பைப் பிரித்தாலும் அவளுக்கு அதுதான் வழக்கம். தம்பி எட்டிப் பார்த்து மூக்கின் மேல் விரலை வைத்தான்.

பலகைக்குப் பின்னால், குளிர்க் குழாய்களுக்கு அடியில், உருகுகிற தண்ணீர் வெளியே போக ஒரு சின்னத் துளை. அது அடைத்துக்கொண்டிருந்தது. குழந்தைக்கு மருந்து கொடுக்கிற ஊசியில்லாத சிரிஞ்சால் வெந்நீரைப் பாய்ச்சினாள். தண்ணீர் அப்படியே எதிர்த்து வந்தது. இரண்டு முறை, ஐந்து முறை, பத்து முறை. அசைந்து கொடுக்கவில்லை. மணி பன்னிரண்டு.

டேப்பக்கா எழுந்துபோய், இடுப்புப் பட்டிக்குள் எலாஸ்டிக் கோக்கிற நீளமான பிளாஸ்டிக் கம்பியை எடுத்துவந்தாள். துளைக்குள் விட்டு, கண்ணை மூடிக்கொண்டாள். பட்டிக்குள் எங்கே மடிப்பு, எங்கே முடிச்சு என்று முப்பது வருஷமாகத் தடவித் தடவியே கண்டுபிடித்த விரல்கள். கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் திருப்பி, கொஞ்சம் இழுத்து... ஏதோ ஒன்று கம்பியின் கொக்கியில் மாட்டி வந்தது. அதே நிமிடம், ஃப்ரிட்ஜின் முதுகுப்பக்கத் தட்டில் தண்ணீர் சடசடவென்று விழுகிற சத்தம் கேட்டது. தம்பி கை தட்டினான்.

டேப்பக்கா திரும்பவில்லை. உள்ளங்கையில் இருந்ததைப் பார்த்தபடியே இருந்தாள்.

"என்ன அண்ணி அது?" என்றாள் தம்பி மனைவி.

தூசு என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. டேப்பக்கா பூசி மெழுகாமல் கையை நீட்டினாள். நனைந்த கம்பளி நார், கெட்டி உருண்டையாக, மயில் கழுத்து நீலத்தில்.

"நீ ஆஸ்பத்திரியில இருந்தப்போ ஒரு கம்பளிக் கோட்டு தைக்க வந்துச்சு. பூச்சி அரிச்சிருந்துச்சு. ஃப்ரீசர்ல ரெண்டு நாள் வச்சா பூச்சி செத்துடும், எப்பவும் அப்படித்தான் பண்ணுவேன். பையில கட்டித்தான் வைப்பேன். அது பெரிய கோட்டு, பைக்குள்ள அடங்கல. அப்படியே திணிச்சிட்டேன். அதோட நார்தான் இது. அடைச்சது உன் பாக்கெட் இல்ல. நான்."

தம்பி மனைவிக்குக் கோபம் சுள்ளென்று தலைக்கேறியது. "மூணு நாளா நான் தூங்கலை அண்ணி."

"தெரியும். அடுத்த ரூம்ல கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னாள். ஸ்க்ரூக்களைக் காகிதத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பலகையை மாட்டி, பிளக்கைச் செருகினாள். ஃப்ரீசர் குளிரக் காத்திருந்த நேரத்தில், அந்த நார் உருண்டையை ஒரு தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். தம்பி மனைவியும் குழந்தையோடு பின்னாலேயே படியேறினாள், என்னதான் சொல்கிறாள் பார்ப்போம் என்று.

"டீச்சர், நேத்து நான் உங்ககிட்ட சொன்னது பொய். கெடுத்தது நான்தான்" என்று தட்டை நீட்டினாள் டேப்பக்கா.

டீச்சர் சிரித்தார். "போகட்டும் விடுங்க. வீட்டுக்குள்ள ஆயிரம் இருக்கும், இதுக்குப் போய் மாடி ஏறி வந்தீங்களா?"

"நேத்து தலையாட்டினீங்கல்ல, இன்னைக்கும் ஒரு தடவை ஆட்டுங்க. அவ மேல தப்பில்லன்னு."

டீச்சர் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தலையாட்டினார். பார்த்துக்கொண்டிருந்த தம்பி மனைவிக்கு, தலைக்கேறியிருந்த கோபம் எப்போது இறங்கியது என்றே தெரியவில்லை. ஊரில் தப்புச் செய்யாதவர் யார்? செய்ததை மென்று விழுங்காமல், பழி சொன்ன வாசலுக்கே போய்த் திருப்பி எடுத்துக்கொள்கிறவர்களைத்தான் அவள் பார்த்ததில்லை.

மூன்றேகால் மணிக்குப் பையின் தையலைப் பிரித்தார்கள். கல்லுக் கல்லாக இருபத்தைந்து. மூடியோரம் இருந்த ஒன்று மட்டும் மூலையில் இளகியிருந்தது.

"இதை இன்னைக்கே குடுத்துடணும்" என்றாள் தம்பி மனைவி. மற்றவற்றை ஃப்ரீசரில் அடுக்கிவிட்டு, அந்த ஒன்றைப் பதமாகச் சூடுபடுத்திப் பாட்டிலில் ஊற்றினாள். பால் வற்றின நாளிலிருந்து அந்த மாலைப் பாட்டிலை அவள் யார் கையிலும் கொடுத்ததில்லை, பெற்றவன் கையில்கூட.

டேப்பக்கா கீழே சிதறிக்கிடந்த பஞ்சைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தம்பி மனைவி குழந்தையை அவள் மடியில் வைத்து, பாட்டிலையும் நீட்டினாள்.

"நீங்களே குடுங்க அண்ணி."