பெயர் போட்ட முதல் ஸ்லைடு

எனக்குத் திக்குவாய். எல்லா எழுத்தும் திக்காது. ‘ம’வும் ‘ப’வும்தான் பெரும்பாடு. உதடுகள் இரண்டும் ஒட்டிக்கொண்டால், உள்ளிருந்து எவ்வளவு தள்ளினாலும் திறக்காது. நான் வேலை பார்ப்பதோ கணபதி ஏரியாவில் ஒரு பம்ப் கம்பெனியில். அங்கே பம்பும் மோட்டாரும் வராமல் ஒரு வாக்கியம் பேச முடியாது. போதாததற்கு என் பெயரும் ‘ம’வில்தான் ஆரம்பம்.

டிராயிங் செக்‌ஷன் என்பதால் சமாளித்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டரில் வரைந்து மெயிலில் அனுப்பினால் வேலை முடிந்தது. சந்தேகம் கேட்பவர்களுக்கும் படம் வரைந்தே பதில் சொல்லிவிடுவேன்.

புதிதாக வந்த போர்வெல் மோட்டாரை டீலர்களுக்கும் விவசாயிகளுக்கும் விளக்க ஊர் ஊராகக் கூட்டம் போடுவதாக ஏற்பாடு. மேனேஜர் பேசுவதற்கான ஸ்லைடுகளை நான்தான் தயாரித்தேன். பார்த்துவிட்டு அவர் என்னைக் கூப்பிட்டார்.

“இத்தன தெளிவாப் பண்ணியிருக்கீங்க. கிணத்துக்கடவு மீட்டிங்ல நீங்களே பேசிப்போடுங்க.”

“சார், எனக்குப் பேச்சு...”

“தெரியுமுங்க. படத்தக் காட்டிட்டே போனாப் போதும். யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க.”

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அதனாலேயே மறுக்க வழியில்லாமல் போனது.

அன்றிலிருந்து அந்த ஸ்லைடுகளை எனக்குத் தோதாக மாற்ற ஆரம்பித்தேன். ஒரு ஸ்லைடுக்கு ஒரே படம். நடுவில் வெட்டிக் காட்டிய மோட்டார். மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் செம்புக் கம்பி, அந்தக் காயில் கருகிப்போன போட்டோ. வாயில் வராத சொற்களையெல்லாம் பெரிய எழுத்தில் படத்தின் மேலேயே போட்டுவிட்டேன். முதல் ஸ்லைடில் என் பெயர். “வணக்கம்” சொல்லிவிட்டுத் திரையைக் கைகாட்டினால் போதும், பெயரைச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டில் கணவரை சோபாவில் உட்கார வைத்துப் பேசிப் பார்த்தேன். அவர் பாதியில் நிறுத்தினார்.

“ஏன் எல்லாத்தையும் ‘இது’ங்கற? ‘இது சூடானா இதுக்குள்ள இருக்கற இது எரிஞ்சு போகும்’னா எனக்கு என்ன புரியும்?”

இருவரும் சிரித்துவிட்டோம். அப்புறம் அவர், “சர்ச்சுல பாடறப்போ ஒரு எழுத்துகூட நிக்கறதில்லையே உனக்கு” என்றார்.

“அது வேற யாரோ எழுதினதுங்க. நான் பேசறதில்லையே” என்றேன்.

கிணத்துக்கடவில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். ஜன்னல் வெளிச்சத்தில் திரை வெளுத்துத் தெரிந்ததால், பந்திக்கு விரிக்கும் துணிகளைக் கட்டி மறைத்தார்கள். ரிமோட்டை மேனேஜர் வைத்துக்கொண்டார். நான் மேடையேறியதும் என் பெயர் போட்ட ஸ்லைடு வந்தது. எனக்கு மூச்சு சீரானது.

“மேடம் அவங்களப் பத்தி அவங்களே சொல்லுவாங்க” என்று மேனேஜர் மைக்கில் சொல்லிவிட்டு, பட்டனை அழுத்தினார். யாரும் படிக்கும் முன்பே திரையிலிருந்து என் பெயர் போய்விட்டது.

வாயைத் திறந்தேன். உதடு ஒட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைப்பது எனக்கே தெரிந்தது. மண்டபம் முழுக்க என் வாயைப் பார்த்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கோபத்திலாவது இறங்கிப் போயிருப்பேன்.

முன்வரிசையில் இருந்த பெரியவர் அந்த ஊர் டீலர். கூட்டம் அவர் ஏற்பாடுதான். “பரவால்லீங் அம்மணி, நெதானமாச் சொல்லுங்க” என்றார். கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு என் உதட்டைப் பார்த்து அவரே ‘ம’வில் ஆரம்பிக்கும் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். மூன்றாவது பெயருக்கு நான் தலையாட்டிவிட்டேன். அது என் பெயர் இல்லை. ஆனால் மண்டபமே நிம்மதியாகக் கைதட்டியது.

அதற்கப்புறம் நடந்ததை நானே நம்பவில்லை. “இந்த மோட்டார்” என்றேன். தடையில்லாமல் வந்தது. பம்ப் வந்தது. மின்சாரம், பாசனம் எல்லாம் வந்தது. அந்தப் பெயர்க்காரி யாரோ, அவளுக்குத் திக்குவாய் இல்லை.

உடுமலை, கோபி, அந்தியூர் என்று தொடர்ந்து என்னையே அனுப்பினார்கள். பெயர் போட்ட முதல் ஸ்லைடை எடுத்துவிட்டு, எங்கே போனாலும் அந்தப் பெயரிலேயே பேசினேன். மேனேஜர் ஒருமுறை ஒரு மாதிரி பார்த்தார், எதுவும் கேட்கவில்லை. டீலர்கள் ஆபீசுக்குப் போன் செய்து அந்தப் பெயரைச் சொல்லி என்னைக் கேட்டார்கள். ரிசப்ஷனில் இருந்த பெண் முதலில், “அப்படி யாரும் இல்லீங்களே” என்றாள். பிறகு பழகிப்போய் எனக்கே லைனைக் கொடுத்தாள். ஒருநாள் கணவர் விளையாட்டாக அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கையிலிருந்த தட்டைப் போட்டு உடைத்துவிட்டேன். எனக்குக் கிடைத்த பாராட்டெல்லாம் அவளுக்குப் போனது. அவளை விட்டால் எனக்கு மோட்டார் என்ற ஒரு வார்த்தைகூட வராது. வெளியேற வழி தெரியவில்லை.

சத்தியமங்கலம் கூட்டத்துக்குக் கிணத்துக்கடவுப் பெரியவரும் வந்திருந்தார். அங்கே கடை வைத்திருந்தவர் அவருக்குச் சம்பந்தி. அவரே மைக்கை வாங்கி, “இந்த அம்மணி பேசறதக் கேட்டீங்கன்னா அசந்துபோவீங்க” என்று பெருமையாக ஆரம்பித்து, அந்தப் பெயரைச் சொன்னார். கைதட்டினார்கள். மைக் என் கைக்கு வந்தது.

“அது என் பேரு இல்லீங்க” என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, வந்துவிட்டது. “என் பேரு...”

உதடு மூடிக்கொண்டது. பெரியவர் உதவிக்கு எழுந்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அவர் நின்றபடியே இருந்தார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கடைசியில் என் பெயர் துண்டு துண்டாக வெளியே வந்தது.

அதன் பிறகு எல்லாமே திக்கியது. ஒவ்வொரு ‘மோட்டார்’ சொல்லுக்கும் நின்றேன். நான் நிற்கும்போது என் வாயைப் பார்க்கச் சங்கடப்பட்டு எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். பின்வரிசையில் ஒரு விவசாயி கை தூக்கினார்.

“ஏனுங்க, அந்தக் கருகுன காயில் போட்டோவ மறுக்காக் காட்டுங்க. ஒரு பக்கம் கருகிப்போச்சு, ஒரு பக்கம் மட்டும் புதுசாட்ட இருக்குதே?”

அத்தனை கூட்டத்திலும் அந்தப் படம் காட்டியிருக்கிறேன். யாரும் அதைக் கேட்டதில்லை. மூன்று பேஸ் மின்சாரத்தில் ஒன்று வராமல் போன பிறகும் மோட்டார் ஓடினால் காயில் அப்படித்தான் கருகும் என்று திக்கித் திக்கி விளக்கினேன். அவர் வேறு ஒன்று கேட்டார், பக்கத்தில் இருந்தவர் இன்னொன்று கேட்டார். பந்தியில் இலை போட்டு ஆள் வந்து கூப்பிடும் வரை போனது.

சாப்பிடும்போது பெரியவர் என்னிடம் வந்தார். முகம் வாடியிருந்தது. “இத்தன நாளா வேற பேரச் சொல்லிக் கூப்புட்டுப்போட்டனே. ஒரு வார்த்த சொல்லப்படாதுங்களா, அம்மணி?”

“சொல்ல வரலீங்க” என்றேன்.

திரும்பும்போது காரில் மேனேஜர் புளியம்பட்டி தாண்டியதும் மெதுவாக, “அடுத்த மீட்டிங்குக்கு சேல்ஸ்ல இருந்து வேற ஆளப் போட்டறலாமுங்களா? உங்களுக்கு எதுக்குச் சிரமம்” என்றார்.

கதவு திறந்த மாதிரி இருந்தது. ‘சரிங்க சார்’ என்று சொன்னால் போதும். திக்காத எழுத்துகள்தான்.

“நானே வாரேனுங்க சார்” என்றேன். “நேரந்தான் கொஞ்சம் சேத்திக் குடுங்க.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “அப்பச் சாப்பாட்டத் தள்ளி வெக்கச் சொல்லோணும்” என்று டீலருக்குப் போன் போட்டார்.

அடுத்த கூட்டம் தாராபுரத்தில். அந்த வாரம் முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.