சணல் உறி

மர்சலின் டீச்சர் கயிறு வாங்கும் அழகைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்புதான் வரும். முறுக்கைப் பிரித்து உள்ளே எட்டிப் பார்ப்பார். முகர்வார். ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு மறுமுனையை இரண்டு கையாலும் இழுப்பார். ராயப்பேட்டையில் கயிற்றுக் கடை வைத்திருக்கும் மெஹபூப் அலி, "டீச்சரம்மா, கப்பலா கட்டப் போறீங்கோ?" என்று கிண்டலடிப்பார். சாந்தோமில் எத்தனையோ வீடுகளில் டீச்சர் கயிற்றில் முடிச்சு முடிச்சாகப் பின்னிய மேக்ரமே அலங்காரம் தொங்குகிறது. அதனால் அந்தக் கிண்டலில் மரியாதையும் உண்டு.

முன்பெல்லாம் டீச்சர் இவ்வளவு பார்க்கிறவர் இல்லை. நிறம் பிடித்தால் போதும். தன்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஞானதாஸுக்கு எழுபதாவது பிறந்தநாள் வந்தபோது, பூந்தொட்டி தொங்கவிட ஓர் உறி பின்னித் தர ஆசைப்பட்டார். சணலின் தேன் நிறம் கண்ணை இழுத்தது. மெஹபூப் அலி அப்போதே தடுத்தார். "தண்ணி படுற எடத்துக்கு சணல் வோணாம்மா. உள்ளாற மக்கிக்கினே போவும், வெளிய ஒண்ணும் தெரியாது. நைலான்ல போடுங்கோ." நைலான் பளபளப்பு டீச்சருக்கு மலிவாகத் தெரிந்தது. சணலையே வாங்கினார்.

ஞானதாஸின் தெருவில் எல்லோருக்கும் டிரில்லால் துளை போட்டுத் தரும் ஷோயப் வந்து அவர் வீட்டு வராந்தா சீலிங்கில் கொக்கி மாட்டினான். ஞானதாஸ் தினமும் உறியில் வைத்த மணி பிளான்டுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு அதன் அடியிலேயே உட்கார்ந்து பேப்பர் படித்தார். இரண்டாவது மழைக்காலம் முடிந்த ஒரு காலையில் தொட்டி அவர் தலையில் விழுந்தது. பதினோரு நாள் ஆஸ்பத்திரி; பிறகு கல்லறை.

விழுந்த அன்று எல்லோரும் ஆஸ்பத்திரிக்கு ஓட, சேதி கேட்டு வந்த டீச்சர் மண்ணைக் கூட்டிப் பெருக்கத் தங்கினார். நிமிர்ந்து பார்த்தார். கொக்கி அசையவில்லை, உறியும் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. தொட்டியைத் தாங்கிய அடிமுடிச்சு மட்டும் மக்கி அறுந்திருந்தது. நாற்காலியில் ஏறி உறியைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டார். பயம், வேறென்ன. வெறும் கொக்கியைப் பார்த்தவர்கள், கொக்கியின் வாய் அகலம், அதனால்தான் உறி தொட்டியோடு கழன்று விழுந்துவிட்டது என்று முடிவு கட்டினார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அதன்பிறகு ஷோயப்பை அந்தப் பக்கம் யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

மூன்று வருடமாக அந்த உறி டீச்சர் வீட்டில், கிறிஸ்துமஸ் குடில் பொம்மைப் பெட்டியின் அடியில் கிடக்கிறது. தூக்கி எறியவும் துணிவில்லை. ஒவ்வொரு டிசம்பரிலும் சூசையப்பர் பொம்மையை எடுக்கும்போது விரலில் தட்டும். ஈரச் சணல் வாடை வீடு முழுக்கப் பரவும். காய்ந்த கயிற்றில் ஈர வாடை எங்கிருந்து வரும்? வருகிறதே. உட்கார்ந்து பின்னினால் முதுகுக்குப் பின்னால் பேப்பர் புரட்டும் சத்தம் கேட்கும். டீச்சர் திரும்பிப் பார்க்கமாட்டார். கோயிலில் பாதிரியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில் கோபப்பட்டதைச் சொல்வார், பூசைக்குப் பிந்தி வந்ததைச் சொல்வார். இதை மட்டும் விழுங்கிவிட்டு எழுந்து வருவார்.

போன மாதம் ஞானதாஸின் மகள் சான்ட்ரா கைக்குழந்தையோடு வந்தாள்.

"டீச்சர், பாப்பாவுக்கு ஒரு தொட்டில் பின்னித் தாங்க. கடையில வாங்க பயமா இருக்கு. நீங்க செஞ்சதுன்னா நிம்மதியா தூங்க வெப்பேன். கொக்கிக்கு மட்டும் வேற நல்ல ஆளா பாத்துக்கறேன்."

டீச்சர் சரி என்று தலையாட்டினார்.

மெஹபூப் அலி கடையில் ஒரு மணி நேரம் நின்றார். ஒற்றை முறுக்குப் பருத்தி புசுபுசுவென்று கையில் குழைந்தது. "அது சொவத்துல மாட்டத்தான் ஷோக்கா கீது," என்றார் மெஹபூப் அலி. "புள்ள படுக்கறதுக்குப் பின்னல் கயிறு எடுங்கோ. பிரியவே பிரியாது. கொக்கிக்கு எங்க ஷோயப்ப சொல்லிருப்பேன், தங்கச்சி புள்ள. அவன் டிரில்லையே வித்துட்டான். சாப்பாடு டெலிவரி ஓட்டிக்கினு கீறான். 'என் கையால ஒரு உசுரு போச்சு மாமா'ன்றான். தூக்கமே இல்லம்மா அவனுக்கு."

ஷோயப் இவருக்கு மருமகன் என்பதே டீச்சருக்கு அன்றுதான் தெரியும். தான் ஒளித்து வைத்தது இன்னொருவன் தலைமாட்டில் போய் உட்கார்ந்திருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. அவன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

எட்டு நாளில் தொட்டில் தயாரானது. சான்ட்ரா வீட்டுக்குக் கொண்டுபோனபோது பையில் பழைய உறியும் இருந்தது. வராந்தா மேசையில் இரண்டையும் எடுத்து வைத்தார்.

"கொக்கியில தப்பு இல்லம்மா. என் முடிச்சுதான் மக்கிப்போச்சு. சணல் வேணாம்னு கடைக்காரர் சொன்னார், நான் கேக்கல. அன்னிக்கு நான்தான் இத கழட்டி ஒளிச்சு வெச்சேன்."

சான்ட்ரா உறியைத் தொட்டாள். நார் பொடிப்பொடியாக விரலில் உதிர்ந்தது. குழந்தையைத் தோளோடு இறுக்கிக்கொண்டாள்.

"தொட்டில எடுத்துட்டுப் போயிடுங்க டீச்சர்," என்றாள். "அதுக்கு முன்னாடி அந்த ஷோயப்புக்குப் போன் பண்ணுங்க. இப்பவே. என் எதிர்ல."

நாலைந்து முறை மணி அடித்த பிறகு எடுத்தான். "யாருங்க? கொக்கி அடிக்கிற வேலன்னா வேற ஆளப் பாருங்கோ. அத உட்டுட்டேன்."

"வெச்சுடாதப்பா," என்றார் டீச்சர். மூன்று வருடத்துக்குப் பிறகு அந்த வராந்தாவில் அவர் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார். "அறுந்தது என் முடிச்சு. நீ அடிச்ச கொக்கி இன்னும் அசையாமதான் இருக்கு."