கடல் தாண்டி வந்த காகம்

அம்மா இறந்த முப்பத்தொன்றாம் நாளன்று, நோபல் பார்க்கிலுள்ள எங்கள் வீட்டில் சாப்பாடு முடிந்து எல்லோரும் ஆறியிருந்த நேரத்தில், பென்டில் ஹில்லிலிருந்து வந்திருந்த சின்ன மாமா பழைய கதையை எடுத்தார்.

"எங்கட அப்பு காகமாய் வந்து அக்காவிட்டச் சாப்பிட்டவரல்லோ! விசா இல்லாமல் அவுஸ்திரேலியாவுக்கு வந்த முதல் தமிழன் அவர்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் ஒருவரும் அதை நம்பாமலில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தக் காகம் நான்தான். அம்மா இருக்கும்வரை அதைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் த பேசின் என்ற ஊரில் இருந்தோம். எனக்குப் பத்து வயது. அது மலையடிவாரத்துச் சிற்றூர். இப்போது அங்கிருக்கும் கோயில் வருவதற்கு வெகுகாலம் முன்பு. தமிழ் பேசும் வீடு எங்களுடையது ஒன்றுதான். பள்ளியில் தினமும் கடைசி அரைமணி நேரம் ஆசிரியை ஒரு நாவலை வாசித்துக் காட்டுவார். ஆற்றங்கரை ஊரொன்றில் பெரியவர்களை ஏய்த்துத் திரியும் ஒரு குறும்பனின் கதை அது. ஒரே வாரத்தில் வகுப்பிலிருந்த எல்லாப் பையன்களும் அவனாகிவிட்டார்கள். பழைய பலகைகளையும் இரண்டு எண்ணெய்ப் பீப்பாய்களையும் சேர்த்து ஓடையில் விட ஒரு தெப்பம் கட்டினோம். இறுக்கி முடிச்சுப் போடத் தெரிந்தவன் நான் ஒருவனே என்பதால் என்னைக் கப்டனாக்கினார்கள். வந்த நாள் முதல் என் பெயரையே சொல்ல வராதவர்கள் என்னைக் கப்டன் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

தெப்பம் விட முடிவு செய்த சனிக்கிழமையில்தான் அம்மாவும் மாமாவும் அப்பு என்று கூப்பிடும் தாத்தாவின் முதலாம் ஆண்டுத் திவசமும் வந்தது.

தாத்தா மறித்தும் கேளாமல் அப்பாவோடு இந்த நாட்டுக்கு வந்தவர் அம்மா. தாத்தா இறந்த தந்தி எங்கள் கைக்கு வரும்போது ஊரில் எல்லாம் முடிந்திருந்தது. அந்த ஒரு வருடமும் அம்மா சரியாகச் சிரித்து நான் பார்க்கவில்லை. திவசத்தன்று வாழையிலை கிடைக்காமல், சில்வர்பீட் என்ற பெரிய கீரை இலையில் சோறும் கறிகளும் வடையும் வைத்துப் பின்வளவில் காகத்துக்குப் படைத்தார். காகம் எடுத்த பிறகுதான் வீட்டில் மற்றவர்கள் சாப்பிடலாம். மின்கம்பியில் இரண்டு காகங்கள் இருக்கத்தான் செய்தன. அம்மா "கா, கா" என்று கூப்பிட்டபோது தலையைச் சாய்த்துப் பார்த்தன. இறங்கவில்லை.

அப்பா சொன்னார்: "இஞ்சாரும், இந்த ஊர்க் காகத்துக்குச் சோறும் வடையும் தெரியுமே?"

"காகத்துக்குத் தெரியாட்டிலும் அப்புவுக்குத் தெரியும். அவர் வராட்டி அவருக்கு என்னில கோவம் போகேல்லை. நான் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போறன்."

அது வெறும் பேச்சல்ல. சூட்கேஸ் ஏற்கெனவே கட்டிலடியிலிருந்து வெளியே வந்திருந்தது. எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. மூன்று மணிக்குத் தெப்பம். சாப்பிடாமல் வெளியே போக விடமாட்டார்கள். வேலிக்கு அப்பால் விசில் சத்தமும் கப்டன் என்ற கூப்பாடும் இரண்டு முறை கேட்டுவிட்டன.

என்னைக் காவலுக்கு வைத்துவிட்டு அம்மா உள்ளே போன சமயம், படையலில் பாதியை அள்ளி வேலி இடுக்கு வழியாகப் பக்கத்து வீட்டுத் தாடிக்கார நாய்க்குக் கொடுத்தேன். அது வடையை மெல்லாமலே விழுங்கியது. இலையில் மிஞ்சியதைச் சிதறிவிட்டு, பென்சில் பெட்டியில் வைத்திருந்த கறுப்பு இறகு ஒன்றை அதன்மேல் போட்டேன். அந்த இறகு யோசனை என்னுடையது. நாவலின் குறும்பனுக்குக்கூட அது தோன்றியிராது என்ற பெருமை அப்போது எனக்கிருந்தது; உண்மையைச் சொன்னால், இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

"அம்மா! காகம் வந்திட்டுது!"

அம்மா ஓடிவந்தார். இறகை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "என்ர அப்பு… இவ்வளவு தூரம் வந்தியளே" என்று தேம்பினார். பிறகு சிரித்தார். சோறு கிடைக்கப்போகும் சந்தோசம் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றே சூட்கேஸ் கட்டிலடிக்குப் போய்விட்டது. அதன்பின் அம்மா இந்த நாட்டில் தலை நிமிர்ந்து வாழ்ந்தார். புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் அந்தக் கதையைச் சொல்லித் தைரியம் கொடுத்தார். அந்தப் பெருமையைக் கேட்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ குறுகிப்போகும். ஆனாலும் பல்கலைக்கழகம் போகும்வரை ஒவ்வொரு திவசத்துக்கும் நான்தான் காவல். நாய்கள்தான் மாறின.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். முதல்முறை அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு ஓடையை நோக்கிப் புறப்பட்டபோது, அப்பா வேலியோரம் குந்தியிருந்தார். சின்னப் பொய்க்கும் பிரம்பெடுக்கும் மனிதர். வேலி இடுக்கில் கையை விட்டு, நாயின் தாடியில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கைகளைத் தன் கைக்குட்டையால் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கெதியாப் போ, கப்டன்" என்றார், என்னைப் பார்க்காமலே.

அப்பாவுக்கு நாய்களில் இவ்வளவு பிரியமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவரையும் ஏய்த்துவிட்டேன் என்ற பெருமையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஓடினேன்.