ஃபில்டர் எப்படி இருக்கிறது என்று கேட்டவர்

1. உட்கார வைத்தார்கள்

சேலத்தில் ஒரு தனியார் எலும்பு மருத்துவமனையில் இருபத்தாறு வருடம் ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டராக நின்றேன். நின்றேன் என்றால் நிஜமாகவே நின்றேன். மூட்டு மாற்று ஆபரேஷன்களுக்குக் கருவி எடுத்துக் கொடுத்தே என் முழங்கால் போயிற்று. நிர்வாகம் அதைப் பெரிய மனதோடு கவனித்தது. ஓய்வுக்கு நான்கு வருடம் இருக்கையில் கீழ்த்தளத்தில் ஒரு மேசை போட்டு, 'பேஷன்ட் கவுன்சலிங்' என்று பலகை மாட்டி, என்னை உட்கார வைத்தது.

முதல் நாள் நிர்வாக டாக்டர் கூப்பிட்டுச் சொன்னார்.

"சிஸ்டர், பேஷன்ட் பயப்படாத மாதிரி பேசணும். எல்லாத்தையும் சொல்லிட்டோம்னு கையெழுத்தும் வாங்கணும்."

"ரெண்டும் ஒரே நாள்ல நடக்கணுமா சார்?"

அவர் சிரிக்கவில்லை. அடுத்த நான்கு வருடம் அதைத்தான் செய்தேன். இதே வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்காக அதில் ஒரு கேஸை மட்டும் எழுதுகிறேன். மற்றவை எல்லாம் ஃபாரங்கள்.

2. இரண்டு மாதிரிகள்

செங்கோடனுக்கு நாற்பத்தாறு வயது. எருமப்பட்டிப் பக்கம். போர்வெல் ரிக் வண்டியில் டிரில்லர். பத்து வருடம் முன்பு ரிக் மேலிருந்து விழுந்தபோது அடிபட்ட இடது இடுப்பு மூட்டு, இப்போது நன்றாகத் தேய்ந்துவிட்டது. காலை அகட்டி வைத்து, உடம்பைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்தார். மனைவி பூங்கொடி பின்னால் எக்ஸ்ரே கவரோடு வந்தார்.

அவர் வந்தது ஒரே கேள்வியோடு.

"ஏனுங்க சிஸ்டர், மறுக்கா ரிக்குல ஏற முடியுமுங்களா?"

என் மேசையில் இரண்டு மாதிரிகள் இருக்கும். ஒன்று முழு இடுப்பு மாற்று: தொடை எலும்பின் பந்தையே வெட்டி எடுத்துவிட்டு, எலும்புக்குள் ஒரு தண்டை இறக்கி, அதன் நுனியில் புதுப் பந்து பொருத்துவது. இன்னொன்று ரீசர்ஃபேசிங்: பந்தை வெட்டாமல் செதுக்கி, அதன் மேல் ஒரு உலோகத் தொப்பியைக் கவிழ்த்து, எதிரே உள்ள குழியில் இன்னொரு உலோகக் கிண்ணம் வைப்பது. எலும்பு மிச்சமாகும். மூட்டு எளிதில் நழுவாது. உடல் உழைப்புக்குத் திரும்ப நினைக்கும், எலும்பு உறுதியான ஆண்களுக்கு அதை யோசிக்கலாம் என்பது எங்கள் சர்ஜனின் கணக்கு. செங்கோடனின் எக்ஸ்ரேயைப் பார்த்து அவர் அதைத்தான் சொல்லியிருந்தார்.

செங்கோடன் தொப்பியைக் கையில் எடுத்தார். முகம் தெளிந்தது.

"இது நம்ம டயரு ரீட்ரேடிங்கு மாதிரிங்க. கேசிங்கு அப்படியே இருக்குது, மேல மட்டும் புதுசு."

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

"அப்ப இதையே போடுங்க."

யாருக்கெல்லாம் இது கூடாது என்ற பட்டியலை வாசித்தேன். எனக்கு அது மனப்பாடம். எலும்பு மெலிந்தவர்கள், பந்து சிறியதாக உள்ளவர்கள், பெரும்பாலான பெண்கள், உலோகம் ஒத்துக்கொள்ளாதவர்கள், கிட்னிக் கோளாறு உள்ளவர்கள்.

"கிட்னியில ஏதாவது தொந்தரவு உண்டா?"

"அதெல்லாம் இல்லீங்க."

"தொடர்ந்து மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா?"

"சுகரு, பிரசரு ஒண்ணும் கெடையாதுங்க."

இரண்டு கட்டத்திலும் 'இல்லை' என்று டிக் அடித்தேன். ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவைத்தேன். மூன்றாம் நாள் லேப் ரிப்போர்ட் வந்தது. துளை போட்டுக் கோப்பில் சேர்த்தேன். மயக்க டாக்டர் பார்த்து 'ஃபிட்' என்று எழுதினார். ஒவ்வொரு தாளும் அதனதன் இடத்தில் இருந்தது. என் கோப்புகள் எப்போதும் ஆய்வுக்கு வருபவர்களால் பாராட்டப்படுபவை.

3. பூக் கேட்டது

அடுத்த வாரம் பூங்கொடி மட்டும் வந்தார்.

"தொப்பியே போட்டுருங்க சிஸ்டர். கோயல்ல பூக் கேட்டுட்டோம்."

பூக் கேட்பது தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை இன்னொன்றிலும் மடித்துச் சாமி காலடியில் வைப்பார்கள். மனதில் நினைத்த கேள்விக்கு எந்தப் பொட்டலம் கைக்கு வருகிறதோ அதுதான் பதில். பெண் பார்க்க, நிலம் வாங்க, கிணறு வெட்டக் கேட்பதுண்டு. இம்பிளான்ட் தேர்ந்தெடுக்கக் கேட்டது என் அனுபவத்தில் இதுதான் முதல்.

"வெள்ளைன்னா தொப்பி, செவப்புன்னா முழு மூட்டுன்னு நெனச்சோமுங்க. வெள்ளையேதான் வந்துச்சு."

"சரிங்க" என்றேன். சர்ஜன், எக்ஸ்ரே, சாமி மூவரும் ஒரே கருத்தில் இருக்கும்போது நான் என்ன சொல்ல?

4. மெக்கானிக்

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் பிற்பகல் செங்கோடன் அட்மிட் ஆக வந்தார். கூடவே ஐம்பத்தைந்து வயதில் ஒருவர். காக்கிச் சட்டை, நகக்கண்ணில் நிரந்தரக் கறுப்பு. பையிலிருந்து வெர்னியர் காலிப்பரை எடுத்து என் மேசையில் வைத்தார்.

"குப்புசாமியண்ணன்" என்றார் செங்கோடன். "நம்ம ரிக்கு மெக்கானிக்குங்க. இவரு பாக்காம ஒரு ஸ்பேரும் நாங்க மாட்டறதில்லீங்க."

"இது ஸ்பேர் இல்லைங்க. இதுக்கு டாக்டர் இருக்கார்."

"இருக்கட்டுமுங்க. அவரு மாட்டட்டும். இவரு பாத்துக்கட்டும்."

எனக்குச் சலிப்பாக இருந்தது. அன்று அது ஏழாவது அட்மிஷன். மாதிரியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். குப்புசாமி தொப்பியின் வெளிவிட்டத்தை அளந்தார். கிண்ணத்தின் உள்விட்டத்தை அளந்தார். ஒன்றை இன்னொன்றில் வைத்துச் சுற்றினார். காதருகே கொண்டுபோய் உரசும் சத்தத்தைக் கேட்டார்.

"ரெண்டுமே மெட்டலுங்களா?"

"ஆமாங்க. கோபால்ட் குரோமியம்."

"நடுவுல தேய்மானம் தாங்கற புஷ்ஷு கெடையாது?"

"இதுக்குக் கிடையாது."

"அப்ப பொடி உழுகுமே."

"கொஞ்சம் விழும். கண்ணுக்குத் தெரியாத அளவு."

"தெரியாட்டிப் போகுது. வண்டியில ஆயிலு சுத்துது, பொடியக் கொண்டாந்து ஃபில்டர்ல சேக்குது. ஃபில்டர மாத்தறோம். இங்க அந்தப் பொடி எங்க போகும்?"

எனக்கு விடை தெரியும். தெரிந்ததைச் சொல்வதில் எனக்கு எப்போதும் தயக்கம் இருந்ததில்லை. "ரத்தத்துல கலக்கும். கிட்னி வடிகட்டி யூரின்ல வெளியேத்தும்."

"அப்ப கிட்னிதான் ஃபில்டரு."

"ஆமா."

"செங்கோடனுக்கு ஃபில்டரு எப்படி இருக்குதுங்க?"

"எல்லாம் டெஸ்ட் பண்ணியாச்சுங்க" என்று கோப்பை அவர் பக்கம் திருப்பி, லேப் தாளை எடுத்துக் காட்டினேன். எங்கள் லேபில் அளவு மீறிய எண்களைத் தடித்த எழுத்தில் அச்சடிப்பார்கள். கிட்னியின் வேலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.7; 1.3-க்குள் இருக்க வேண்டியது. தடித்த எழுத்து. நானே துளை போட்ட தாள்.

தாளை என் பக்கம் திருப்பி மறுபடி படித்தேன். பிறகு, முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்.

"செங்கோடன், இத்தனை வருஷம் இந்த வலியோட எப்படி ரிக்ல ஏறுனீங்க?"

"மாத்தரை போட்டுக்குவேனுங்க."

"எது?"

சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்தார். பாதி தீர்ந்த வலி மாத்திரை; நாள்பட்டுப் போட்டால் கிட்னியைக் கெடுக்கும் வகை. "காத்தால ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. கெட்டிப் பாற வந்தா சேத்தி ஒண்ணு. வண்டி டூல் பாக்ஸ்ல எப்பவும் கெடக்குமுங்க."

"எத்தனை வருஷமா?"

"ஒரு ஆறேழு வருசம் இருக்குமுங்க."

"மருந்து சாப்பிடறீங்களான்னு கேட்டேனே?"

"அது மருந்துங்களா? சுகரு பிரசருக்குத்தான் கேக்கறீங்கன்னு இருந்தேன். மெடிக்கல்ல கேட்டா டாக்டர் சீட்டு இல்லாமயே குடுக்கறாங்களே!"

குப்புசாமி வெர்னியரைப் பையில் போட்டுக்கொண்டு செங்கோடனைப் பார்த்தார். "ஏன்டா, எஞ்சின் சவுண்டு கேக்கக் கூடாதுன்னு காதுல பஞ்ச வெச்சுக்கிட்டே ஓட்டியிருக்கறயே."

5. மயக்கத்துக்கு ஃபிட்

கோப்பைத் தூக்கிக்கொண்டு சர்ஜன் அறைக்குப் போனேன். மாடிப்படியில் என் முழங்கால் சொன்னதை இங்கே எழுத முடியாது.

சர்ஜன் தாளைப் பார்த்தார். "அனஸ்தீசியா ஃபிட் கொடுத்திருக்காங்களே சிஸ்டர்."

"மயக்கத்துக்குக் கொடுத்திருக்கார் சார். மெட்டலுக்குக் கொடுக்கலை."

"நாளைக்கு ஃபர்ஸ்ட் கேஸ் இது. இப்ப வந்து சொல்றீங்க! இதைப் பார்க்கறது யார் வேலை?"

"நம்ம ரெண்டு பேர் வேலையும் சார். ரெண்டு பேரும் பார்க்கலை."

கோபப்படுவார் என்று நினைத்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "லேப் பேஜ் வர்றதுக்கு முன்னாடியே இம்பிளான்ட்டை முடிவு பண்ணிட்டேன்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவர் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. மறுநாள் பட்டியலிலிருந்து செங்கோடனின் பெயரை அடித்தார். கிட்னி டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதினார். ரீசர்ஃபேசிங் இல்லை என்று கோப்பின் முதல் பக்கத்தில் எழுதினார்.

அதைக் கீழே போய்ச் சொல்லும் வேலை மட்டும் என்னுடையது.

6. சாமியிடம் சொல்லாதது

"கிட்னி ரெண்டு இருக்குதுல்ல சிஸ்டர்?" என்றார் செங்கோடன்.

"ரெண்டும் சேர்ந்துதான் 1.7."

"முழு மூட்டு போட்டா ரிக்குல ஏறலாமுங்களா?"

"நடக்கலாம். வண்டி ஓட்டலாம். ஏறி இறங்கற வேலை, பாரம் தூக்கறது, குத்த வெச்சு உக்கார்றது வேண்டாம்னுதான் டாக்டர் சொல்வார்."

"அப்ப எனக்கு எதுக்குங்க அது? எனக்குத் தெரிஞ்சது மேல நின்னு ராடு மாத்தறதுதான். தொப்பியே போடுங்க. கிட்னி போறப்பப் போகட்டும்."

அவர் கத்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. எனக்குத் தெரிந்த விதிகளையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். டயாலிசிஸ் என்றால் என்ன, வாரத்துக்கு எத்தனை நாள் என்பதையும் சொன்னேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "சாமியே வெள்ளைப் பூக் குடுத்துருச்சுங்க. அப்பறம் என்னங்க?" என்றார்.

அதுவரை சுவரோரமாக நின்ற பூங்கொடி முன்னால் வந்தார். செங்கோடனின் மடியிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"சாமிகிட்ட நாம மாத்தரையப் பத்திச் சொன்னமா? கிட்னியப் பத்திச் சொன்னமா? ஒண்ணும் சொல்லாம ரெண்டு பொட்டலத்த வெச்சா அது என்ன பண்ணும்?"

குப்புசாமி தொண்டையைச் செருமினார். "செங்கோடா, ஃபில்டரு போன வண்டிய நீ மலையேத்துவயாடா?"

"வேற ஃபில்டரு மாட்டி ஏத்துவேன்."

"இங்க கடையில கெடைக்குதா?"

செங்கோடன் மேசையிலிருந்த தொப்பியை என் பக்கம் நகர்த்தி வைத்தார். இரண்டு மாதம் மாத்திரையை நிறுத்தி, கிட்னி டாக்டரிடம் காட்டி, 1.7 சற்றே இறங்கியதும், ஆபரேஷனுக்குத் தேதி குறித்தோம். முழு இடுப்பு மாற்று. டைட்டானியம் தண்டு, செராமிக் பந்து, குழியில் பிளாஸ்டிக் லைனர். குப்புசாமி அதற்கும் வெர்னியரோடு வந்தார். லைனரை நகத்தால் கீறிப் பார்த்து, "இதுல புஷ்ஷு இருக்குது" என்று ஒப்புதல் கொடுத்தார். பூங்கொடி மறுபடி பூக் கேட்டாரா என்று நான் விசாரிக்கவில்லை.

7. ரிவ்யூ

அதன் பிறகு என் மேசையில், 'மருந்து சாப்பிடுகிறீர்களா' என்று கேட்பதை நிறுத்தினேன். "வலிக்கு என்ன போடறீங்க? அட்டையைக் காட்டுங்க" என்று கேட்டேன். பத்தில் ஏழெட்டுப் பேர் சட்டைப் பையிலிருந்தே எடுத்தார்கள். லேப் தாளை இம்பிளான்ட் தாளோடு சேர்த்துப் பின் குத்தினேன். ஃபாரத்தில் ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். கமிட்டிக்குப் போயிருக்கிறது என்றார்கள். நான் ஓய்வு பெற்ற அன்றும் அது கமிட்டியில்தான் இருந்தது. இப்போது எல்லாம் கம்ப்யூட்டர். லேப் ஒரு ஸ்கிரீன், இம்பிளான்ட் ஒரு ஸ்கிரீன். இரண்டும் ஒரே நேரத்தில் திறக்காதாம். நீங்கள் திறந்து திறந்து பாருங்கள். வேறு வழி இல்லை.

ஒரு வருடம் கழித்து செங்கோடன் ரிவ்யூவுக்கு வந்தார். சாயாமல் நடந்தார். கிரியேட்டினின் ஆபரேஷனின்போது இருந்ததிலிருந்து கீழேயும் வரவில்லை, மேலேயும் போகவில்லை. ரிக் ஆபீசில் போன் எடுத்து ஆர்டர் குறிக்கிறாராம்.

"எப்படி இருக்கு வேலை?"

"நாற்காலியில உக்காந்துக்கிட்டு இருக்கறனுங்க. வேற ஒருத்தன் மேல ஏறி ராடு மாத்தறான். தப்புத் தப்பா மாத்தறான். கீழ இருந்து பாத்துக்கிட்டு இருக்கறது இருக்குதே..." முடிக்கவில்லை. என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"சிஸ்டர், அன்னிக்குக் குப்புசாமியண்ணன் வராமப் போயிருந்தா?"

நயமாகச் சொல்ல நான்கைந்து விதம் எனக்குத் தெரியும். அதற்குத்தான் சம்பளம் வாங்கினேன்.

"மறுநாள் காலைல ஏழரைக்குத் தொப்பியை மாட்டியிருப்பாங்க" என்றேன். "அதுக்குச் சம்மதம்னு உங்ககிட்ட நான் கையெழுத்து வாங்கியிருப்பேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தபடி இருந்தார். பிறகு ரிவ்யூ சீட்டை நீட்டி, அடுத்து எப்போது வர வேண்டும் என்று கேட்டார். தேதியை எழுதிக் கொடுத்தேன்.