வெள்ளிக்கிழமைப் பழுதுகள்

சுவிட்சைப் போட்டதும் முதலில் ஒரு 'டக்'. பிறகு உள்ளே ஏதோ ஒன்று இடப்பக்கம் ஓடிப்போய் முட்டி, திரும்பி வலப்பக்கம் வந்து முட்டி, பல்சக்கரங்கள் கரகரவென்று சுற்றி ஓய்ந்த பிறகுதான் பச்சை விளக்கு நின்று எரியும். எங்கள் வீட்டு பிரிண்டர் கண் விழிக்கிற அந்தச் சத்தமும், மூடியைத் திறந்தால் மூக்கில் ஏறுகிற மையின் புளித்த வாடையும், அம்மா தன் பழைய துப்பட்டாவை வெட்டி அதற்குத் தைத்துப் போட்டிருந்த பூப்போட்ட உறையும் சேர்ந்ததுதான் என்னுடைய ஆறாம் வகுப்புக் கோடை.

அப்போது நாங்கள் மதுரை வில்லாபுரத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நாங்கள் என்றால் நானும் அம்மாவும் மட்டும்தான். அதற்கு முன்னால் நெல்பேட்டையில், அப்பாவின் அண்ணன் தம்பிகளான பெரியத்தா வீட்டாரும் சின்னத்தா வீட்டாருமாக ஒரே கூரையின் கீழ் எந்நேரமும் யாராவது யாரையாவது கூப்பிட்டுக்கொண்டே இருக்கிற வீட்டில் இருந்தோம். அம்மாவுக்கு வில்லாபுரத்தில் ஒரு சிறிய பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு டீச்சராக வேலை கிடைத்ததும், போய்வரச் சௌகரியம் என்று இங்கே வந்துவிட்டோம். அத்தா சவுதியில், தம்மாமில் இருந்தார். அப்பாவை நாங்கள் அத்தா என்போம். மதுரையில் டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஜெராக்ஸ் மிஷின்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தவர், அங்கேயும் அதே வேலைக்குத்தான் போயிருந்தார். பிரிண்டர், ஜெராக்ஸ் எதுவாக இருந்தாலும் அவருக்கு 'மிஷினு'தான்.

அந்தக் கோடைக்கு முன் கடைசியாக லீவில் வந்தபோது அந்த பிரிண்டரை அட்டைப்பெட்டிக்கு வெளியே கம்பளிப் போர்வை சுற்றி, நைலான் கயிறு கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார். ஏற்கெனவே எங்களிடம் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. இரண்டையும், இரு பக்கமும் திருகாணி வைத்த தடித்த ஒயர் ஒன்றால் இணைத்து, என் பெயரை ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு நிறமாக அச்சடித்துக் கொடுத்தார். பத்து நாளில் திரும்பிப் போய்விட்டார்.

நான் நாலரை மணிக்குப் பள்ளி விட்டு வந்து, கீழ்வீட்டில் சாவியை வாங்கி, கதவைத் திறந்து உள்ளே போவேன். ஸ்பெஷல் கிளாஸ் முடித்து அம்மா வர ஆறாகிவிடும். அந்தத் தெருப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். அவர்களுக்குள் பேச ஆயிரம் இருந்தது. நான் சன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு அவர்கள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வெயிலில் கம்பி சூடாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை மட்டும் அம்மா சீக்கிரம் வந்துவிடுவார். அன்று அத்தாவுக்கு விடுமுறை. ஜும்மா தொழுது, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்து, நம்மூரில் அந்திநேர மஃரிப் பாங்குக்குச் சற்று முன்னால் வருகிற மாதிரி போன் போடுவார். மணி நீளமாக அடிக்கும். அம்மா முதலில் எடுத்துப் பேசிவிட்டு, "இந்தா, அத்தாகிட்ட பேசு" என்று ரிசீவரைத் தருவார். நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன். படிக்கிறியா, படிக்கிறேன். அம்மா சொல்றத கேக்குறியா, கேக்குறேன். அதற்குமேல் இரண்டு பக்கமும் ஒன்றும் வராது. ஒயருக்குள் கடல் இரைகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் கேட்கும். வாரம் முழுக்க அவரிடம் சொல்லச் சேர்த்து வைத்ததெல்லாம் அந்த இரைச்சலில் மறந்துபோகும். பிறகு அவர், சரி பாப்பா, அம்மாட்ட குடு என்பார்.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் பிரிண்டர் வெறும் வெள்ளைத் தாளாகவே தள்ள ஆரம்பித்தது. தாள் போகிறது, உள்ளே ஓட்டமும் சாட்டமுமாகச் சத்தம் கேட்கிறது, வெளியே வந்தால் ஓர் எழுத்து இல்லை. அந்த வெள்ளிக்கிழமை போனில் வழக்கமான மூன்று கேள்விகளும் தீர்ந்து, இரைச்சல் தொடங்கிய இடத்தில், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று அதைச் சொன்னேன்.

அத்தாவின் குரலே மாறிவிட்டது. படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. எத்தனை நாளாக அதை ஓட்டவில்லை, சன்னல் பக்கம் வெயில் படுகிறதா, விளக்கு பச்சையா சிவப்பா, மின்னுகிறதா நின்று எரிகிறதா என்று வரிசையாகக் கேட்டார். போனை ஒயரோடு தூக்கி பிரிண்டர் பக்கத்தில் வைக்கச் சொன்னார். "ரிசீவர அது மேல வையி பாப்பா. சத்தத்த கேக்குறேன்" என்றார். நான் வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துக் காதில் வைத்தபோது, வெயிலில் மை காய்ந்து, மை கசிகிற 'தலை' அடைத்துக்கொண்டிருக்கிறது, வேறொன்றும் இல்லை என்றார். 'மை டப்பா'வைக் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, டப்பாவின் அடிப்பக்கத்தை அதன்மேல் ஒற்றி எடுக்கச் சொன்னார். தேய்க்கக் கூடாது, ஒற்றத்தான் வேண்டும். துணியில் முதலில் ஒன்றுமில்லை. பிறகு மெல்லிய நீலக் கோடு. பிறகு திட்டாகக் கறுப்பு. மாட்டிவிட்டு ஒரு தாள் ஓட்டினோம். அந்த பிரிண்டருக்கு ஒரு தாள் அடிக்க வெகுநேரம் ஆகும். அந்தக் காத்திருப்பில்தான் அத்தா பேசினார். அவர்கள் அறையில் ஆறு பேராம். அடுக்குக் கட்டிலில் இவருக்கு மேல் கட்டிலாம். கீழக்கரைக்காரர் ஒருவர் மீன் குழம்பு வைக்கிற நாளில் மற்ற ஐந்து பேரும் வேலையிலிருந்து ஓடி வருவார்களாம். தாளில் எழுத்து வந்துவிட்டது என்று நான் சொன்னதும் சிரித்தார். அத்தாவின் சிரிப்பை நான் போனில் கேட்டது அன்றுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை பிரிண்டர் நன்றாக இருந்தது. மூன்று கேள்விகள், மூன்று பதில்கள், இரைச்சல்.

அதற்கடுத்த வாரம் போன் வருவதற்கு முன்னால், நான் தடித்த ஒயரின் திருகாணிகளைத் தளர்த்திவிட்டேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது. பிரிண்டரோடு வந்த கையேட்டின் பின்பக்கத்தில் ஆங்கிலத்திலும் அரபியிலுமாக ஒரு பட்டியல் இருந்தது. இன்ன குறை வந்தால் இன்னது காரணம், இன்னது செய்க என்று. மருந்தைத் தேடிப் படிக்க வேண்டிய பட்டியலில் நான் நோயைத் தேடிப் படித்தேன். ஒரு வாரம், அடிக்கக் கொடுத்த தாளையெல்லாம் பாதியில் நிறுத்தி, கம்ப்யூட்டரில் அச்சுக்குக் காத்திருக்கிற வரிசையில் தேக்கி வைத்தேன். அத்தா அந்த வரிசையைத் திறக்கச் சொல்லி, ஒவ்வொன்றாக நீக்கச் சொல்லி, கம்ப்யூட்டர், பிரிண்டர் இரண்டையும் அணைத்துப் போடச் சொன்னார். இன்னொரு வாரம், தாள்களைத் தண்ணீர்க் கையால் தொட்டு நமுக்க வைத்தேன். இரண்டு மூன்று தாளாக ஒட்டிக்கொண்டு போய் நடுவில் சிக்கின. மொதல்ல சுவிட்ச அமத்து, அப்புறம் ரெண்டு கையாலும் பிடிச்சு, அது போற பக்கமாவே மெதுவா இழு, எதுப்பக்கம் இழுத்தா கிழிஞ்சு உள்ள நின்னுக்கிரும் என்று சொல்லிக்கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் ஒரு சோதனைத் தாள். ஒவ்வொரு சோதனைத் தாளுக்கும் ஒரு கதை. மழையே பெய்யாத அந்த ஊரில் ஒரு பகலில் மழை பெய்து, கடைக்காரர்கள் எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு ரோட்டில் இறங்கி நனைந்ததைச் சொன்னார். மேல் கட்டிலுக்கு ஏறும்போது முழங்கால் வலிக்கிறது என்றார். அம்மாட்ட சொல்லாத என்றார். நான் சொல்லவில்லை.

"மிஷினு பொய் சொல்லாது பாப்பா. நாமதான் அவசரப்பட்டு அது சொல்றத கேக்காம விட்டுர்றோம்" என்று அவர் அடிக்கடி சொல்வார். நான் ம் என்பேன். காது சுடும்.

முழுப்பரீட்சை நெருங்கியது. அம்மாவின் பள்ளியில் கேள்வித்தாள் வெளிக் கடைக்குப் போகக் கூடாது என்பது தலைமை ஆசிரியையின் கட்டளை. நம் வீட்டில்தான் பிரிண்டர் இருக்கிறதே, நாற்பது பிள்ளைகளுக்கும் நானே அடித்துக் கொண்டுவருகிறேன் என்று அம்மா சொல்லிவிட்டு வந்திருந்தார். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அது. அம்மாவுக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. எனக்கு இது தெரியாது. வியாழக்கிழமை மாலை, என் கணக்கு ரஃப் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, நான்காக மடித்து, தாள் இறங்குகிற வாய்க்குள் ஆழமாகச் செருகி வைத்தேன். மறுநாள் அத்தாவின் போன் வரவில்லை. பாங்கு சொல்லி, அம்மா தொழுது முடித்து எழுந்த பிறகும் வரவில்லை. சனிக்கிழமை வந்தாலும் வரும் என்று அந்தத் தாளை அப்படியே விட்டுவைத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் அம்மா உறையை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். நான் வாசற்படியில் நின்றேன். அப்போது சொல்லியிருக்கலாம். அம்மா தாள்களைத் தட்டி அடுக்கி வைக்கிற வரைக்கும், கையை மவுஸில் வைக்கிற வரைக்கும்கூடச் சொல்லியிருக்கலாம். நறநறவென்று ஒரு சத்தம் வந்து, சிவப்பு விளக்கு மின்னியது. அம்மாவுக்கு எந்தப் பக்கம் இழுப்பது என்று தெரியாது. இழுத்தார். பாதித் தாள் கையோடு வந்தது. மீதி உள்ளே கிழிந்து நின்றுகொண்டது. தெருமுனைக் கம்ப்யூட்டர் சென்டர்க்காரர் ஊருக்குப் போயிருந்தார், செவ்வாய்க்கிழமைதான் வருவார். பரீட்சை திங்கள்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து அம்மா கையால் எழுதினார். இரண்டு தாளுக்கு நடுவில் கார்பன் வைத்து, அப்படி மூன்று மூன்றாக அழுத்தி எழுதினார். மூன்றாவது தாளில் மங்கலாக விழுந்ததைத் திரும்ப மேலே எழுதினார். கோடிட்ட இடத்தை நிரப்புக, பொருத்துக, படம் பார்த்துப் பெயர் எழுதுக. மாம்பழமும் பசுவும் குடையும் அம்மாவே வரைந்தார். நான் தாள்களை அடுக்கிக் குண்டூசி குத்தினேன். சோறு ஆக்கவில்லை, பன்னும் டீயும்தான்.

மத்தியானத்துக்கு மேல் அம்மா பேனாவை வைத்துவிட்டு விரல்களை நீட்டி மடக்கினார். நுனியெல்லாம் நீலம். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். பிரிண்டருக்குள் கையை விட்டு எடுத்திருக்கிறார். அதில் என் எழுத்தில் ஒரு வகுத்தல் கணக்கு பாதியில் நின்றிருந்தது.

நான் அடிக்குக் காத்திருந்தேன். அம்மா அடிக்கவில்லை. எம்புட்டு நாளா இது என்று மட்டும் கேட்டார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன், முழங்கால் வலியைத் தவிர.

"அத்தாகூட பேசணும்னா பேச வேண்டியதுதானே. அதுக்கு எதுக்கு இத போட்டு ஒடைக்கணும்?"

"என்ன பேசுறதுன்னு தெரியலம்மா."

அம்மா விரல் நுனி நீலத்தை ஒரு வீணான தாளில் துடைத்தார். வெளியே பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு மட்டும் தெரியுதாக்கும்" என்றார். பேனாவை எடுத்துக்கொண்டார். "அந்தக் கார்பன இங்குட்டு எடு."

செவ்வாய்க்கிழமை சென்டர்க்காரர் வந்து, ஒரு மெல்லிய இடுக்கியால் உள்ளே நின்ற துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். பிரிண்டர் பழையபடி ஓடியது. அந்த வெள்ளிக்கிழமை போன் வந்தது. அன்றைக்குத்தான் முதல்முறையாக, அம்மா அத்தாவிடம் என்ன பேசுகிறார் என்று கவனித்துக் கேட்டேன். ம். ஆமா. வந்துருச்சு. இல்ல, அவ நல்லாத்தான் இருக்கா. நீங்க சாப்பிட்டீங்களா. ம். அவ்வளவுதான். ரிசீவர் என் கைக்கு வந்தது.

"இன்னைக்கு மிஷினுக்கு என்னம்மா?" என்று அத்தா கேட்டார். குரலில் ஓர் ஆவல் இருந்தது. இல்லை, இருந்ததாக எனக்குத் தோன்றியது.

"ஒண்ணும் இல்லத்தா. நல்லா ஓடுது."

"அப்ப சரி" என்றார். இரைச்சல். "நல்லா படி."

அந்த வருடம் ரமலானுக்கு அவர் லீவில் வந்தார். நாற்பது நாள் இருந்தார். ஒரு மத்தியானம் நான் உள்ளே போனபோது, பிரிண்டரின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, பிரஷ்ஷால் தூசி தட்டிக்கொண்டிருந்தார். அதில் ஒரு குறையும் இருக்கவில்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் ஒவ்வொரு உருளையாகத் துடைத்தார். நான் துணியை நனைத்து நனைத்துக் கொடுத்தேன். பிற்பகல் அசர் பாங்கு கேட்கிற வரைக்கும் இருவருக்கும் அதுதான் வேலை. எழுந்து போகும்போது என் தலையில் கையை வைத்துவிட்டுப் போனார். அந்தக் கை கனமாக இருந்தது.

இப்போது நான் மதுரையிலேயே கோச்சடையில் இருக்கிறேன். என் வீட்டு பிரிண்டருக்கு ஒயர் கிடையாது; கைபேசியிலிருந்தே தாள் அடிக்கும். தாள் சிக்கினால் எந்தக் கதவைத் திறந்து எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்று திரையில் அம்புக்குறி போட்ட படம் வந்துவிடுகிறது. யாரையும் கேட்க வேண்டியதில்லை. வில்லாபுரத்து மாடி வீட்டை இடித்துக் கட்டிவிட்டார்கள். பழைய பிரிண்டரும், தரைவழி போனும், தடித்த ஒயரும் எந்த வருடம் எந்தப் பழைய சாமான்காரர் வண்டியில் போயின என்று அம்மாவுக்கே நினைவில்லை.

அத்தா ஊரோடு வந்து பல வருடங்கள் ஆகின்றன. போன மாதம் ஒரு நாள் அவர்களைப் பார்க்கப் போயிருந்தபோது, அம்மா உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அந்தக் கோடையில் நான் செய்ததையெல்லாம் அத்தாவிடம் முதன்முறையாகச் சொன்னேன். திருகாணி, நமுத்த தாள், மடித்துச் செருகியது, எல்லாம். அவர் செய்தித்தாளைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"எனக்கு ஞாபகம் இல்லையேம்மா" என்றார். கொஞ்சம் சங்கடத்தோடுதான் சொன்னார். "அங்க நாள் பூரா எவனாச்சும் போன்ல மிஷினு ஓடலன்னு சொல்லிக்கிட்டேதான் இருப்பான்."

பரவாயில்லத்தா என்றேன். சுவரில் மின்விசிறியின் நிழல் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் செய்தித்தாளை எடுக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:

"அப்புறம் அது சரியாயிருச்சா?"

"சரியாயிருச்சுத்தா" என்றேன்.